ஓணானுக்குப் பட்டுச் சட்டை

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்ணாமலை நகரில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் வழக்கம்போல் கூடியிருந்தோம். புதிதாக வந்திருந்த சிறுகதைத் தொகுதி ஒன்றைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் பேச்சு நடக்கவில்லை. நண்பரின் அக்காள் மகன் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து எங்கள் நடுவில் வைத்தான். உள்ளே, விளக்கின் வெம்மையில், இரண்டு பெரிய ஓணான்கள் கண்ணை மூடிக் கிடந்தன.

"ஓணான் இல்லை மாமா, டிராகன். பியர்டட் டிராகன்" என்றான்.

நாங்கள் அவனோடு வழக்காடப் போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். படித்து முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளை. மாமனிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தில் ஏதோ தொழில் தொடங்கப் பார்க்கிறான். ஆனால் அன்று அவன் சொன்ன கணக்கு எங்களைத் தூங்கவிடவில்லை. "இரண்டுமே லெதர்பேக் மாமா. சேர்த்து விட்டால் நான்கில் ஒரு குஞ்சு சில்க்பேக். நல்ல விலை அதற்குத்தான்." கணக்கு சரியானதே. கணக்கில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே இதை எழுதுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் பல்லி, ஓணான் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இங்கே நடந்திருப்பது முதலில் ஒரு சொல் மோசடி. சொற்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வேலை.

முதற்சொல்லிலிருந்தே தொடங்குவோம். டிராகன் என்று விற்கப்படும் இந்த உயிரினம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலங்களைச் சேர்ந்தது. அறிவியற்பெயர் போகோனா விட்டிசெப்ஸ். அகாமிடே என்னும் குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நம் கிளுவை வேலியில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானும் அதே குடும்பம்தான். ஆண் ஓணானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தொண்டையும் தலையும் சிவக்கும். அதற்கோ சினமோ காமமோ மிகும்போது தாடி கறுக்கும். எனவே இதற்குத் தாடி ஓணான் என்ற பெயரே பொருத்தம். இக்கட்டுரையில் அப்படியே அழைப்போம். இராமனுக்குத் தண்ணீர் கேட்டபோது சிறுநீர் கொடுத்தது என்ற கதையைச் சொல்லி, நம் ஊர்ச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலி ஓணானைக் கல்லால் அடித்தும் சுருக்குப் போட்டுப் பிடித்தும் கொன்றிருக்கிறார்கள். அதன் ஒன்றுவிட்ட தம்பி கடல் கடந்து டிராகன் என்ற பட்டத்தோடு வந்தால் பல ஆயிரம் ரூபாய், தனி விளக்கு, பிறந்தநாள் படம். வேட்டிக்குள் விட்டுக்கொண்ட ஓணானுக்கு இவ்வளவு மரியாதை நடந்ததாகப் பழமொழியில்கூட இல்லை.

இனி நிறம். தாடி ஓணானின் இயற்கை நிறம் அது வாழும் மண்ணின் நிறம். மத்திய ஆஸ்திரேலியாவின் செம்மண்ணில் வாழ்பவை செம்மை கலந்தவை. வேறிடங்களில் சாம்பலும் பழுப்பும். பருந்தின் கண்ணுக்குத் தப்ப அதற்கு வாய்த்த போர்வை அது. தோலுக்குள் அடுக்கடுக்காக நிறச்செல்கள் உள்ளன. மஞ்சளும் சிவப்பும் தருபவை மேலே. ஒளியைச் சிதறடிக்கும் நுண்படிகங்கள் கொண்டவை அடுத்து. கறுப்பு நிறமியான மெலனினைச் சுமப்பவை அடியில். காலைக் குளிரில் உடலைக் கறுக்க வைத்து வெயிலை உறிஞ்சிக்கொள்கிறது. உச்சி வெயிலில் வெளுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே விலங்கைக் காலையில் எடுத்த படமும் நடுப்பகலில் எடுத்த படமும் இரண்டு விலங்குகளைப்போல் தோன்றும். இதை அறியாதவர் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார். அறிந்தவர் நடுப்பகலில் படம் எடுக்கிறார்.

வணிகர் சொல்லும் நிறவகைகள் எல்லாம் ஒரே தன்மையானவையும் அல்ல. சிவப்பு, ஆரஞ்சு என்று விற்கப்படும் பல வழிகள் ஒற்றை மரபணுவின் செயல் அல்ல. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கைகொடுக்க, பல தலைமுறை பொறுக்கியெடுத்துச் சேர்த்து வந்த சாயல் அது; உணவும் வெப்பமும் அதில் பங்கேற்கும். அடுத்த தலைமுறையில் அது அப்படியே வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. கறுப்பு குறைந்த ஹைப்போ போன்றவை வேறு, அவை ஒடுங்குபண்புகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகள் வந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் வந்தால் விலங்கு சாதாரணமாகவே தோன்றும். மரபணுவை மறைவாகச் சுமக்கும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியில் படித்த அதே செய்தி.

இந்தப் பாடத்தை வணிகம் எப்படித் திருப்பிப் போடுகிறது பாருங்கள். மறைவாகச் சுமக்கும் இரண்டு விலங்குகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு வெளிப்படையாக வரும். இரண்டு பங்கு சுமப்பவை. ஒரு பங்கு அந்த மரபணுவே இல்லாதவை. வெளிப்படையானதை விலக்கிவிட்டால் எஞ்சியவை எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல. அவற்றில் மூன்றுக்கு இரண்டு சுமப்பவை. உடனே ஒவ்வொரு குஞ்சின் மீதும் '66 விழுக்காடு ஹெட்' என்ற சீட்டு ஒட்டப்படுகிறது. எங்கள் தம்பியும் அந்தச் சீட்டைப் பெருமையோடு காட்டினான். 66 விழுக்காடு என்பது அந்த விலங்கின் உடம்பில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அந்த ஓணானிடம் மரபணு முழுதாக இருக்கிறது அல்லது முழுதாக இல்லை. விற்பவருடைய அறியாமையின் அளவுதான் அந்த எண். தன் அறியாமைக்குச் சதவீதம் போட்டுக் கூடுதல் விலை வாங்கும் தொழில் உலகில் வேறு எங்காவது உண்டா என்று யோசித்தோம். (சோதிடர்கள்கூடச் சதவீதம் சொல்வதில்லை.)

ஆண், பெண் என்பதிலும் இந்த விலங்கு கணக்கை மீறும். தாடி ஓணானில் ஆணுக்கு இரண்டு ஒத்த பால் குரோமோசோம்கள். பெண்ணுக்கு வேறுபட்ட இரண்டு. ஆயினும் முட்டை இருக்கும் இடம் ஏறத்தாழ 32 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடானால், குரோமோசோமால் ஆணாக வேண்டிய கரு பெண்ணாகப் பிறந்துவிடும். ஆய்வகத்தில் கண்ட இது காட்டிலும் நிகழ்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் மாடி அறையில் முட்டைகளை வைத்துக்கொண்டு, 'ஜீன் எல்லாம் தீர்மானித்துவிடும் மாமா' என்று சொல்கிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வது?

இப்போது சில்க்பேக்குக்கு வருவோம். தாடி ஓணானின் முதுகிலும் விலாவிலும் முள்போன்ற செதில்கள் உண்டு. ஒரு மரபணுவின் சடுதி மாற்றத்தை ஒற்றைப்படியாகப் பெற்ற விலங்குக்குச் செதில்கள் சிறுத்துத் தோல் மழமழப்பாகிவிடும். அதற்கு லெதர்பேக் என்று பெயர் வைத்தார்கள். இரட்டைப்படியாகப் பெற்றதற்குச் செதிலே இராது. அதற்குச் சில்க்பேக் என்று பெயர். பாடநூல் மொழியில் முழுமையற்ற ஓங்குத்தன்மை. இரண்டு லெதர்பேக்குகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று சில்க்பேக் என்ற தம்பியின் கணக்கு அதனால்தான் சரி.

ஜெனீவாவில் பணிபுரிந்த இரு ஆய்வாளர்கள் இந்தச் செதிலற்ற ஓணான்களைக் கொண்டே ஒரு பழைய கேள்விக்கு விடை கண்டார்கள். ஊர்வனவற்றின் செதில், பறவையின் இறகு, பாலூட்டியின் மயிர் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவையா என்பது அந்தக் கேள்வி. கருவில் மூன்றும் ஒரே வகைத் தடிப்பிலிருந்து தொடங்குகின்றன என்று 2016இல் காட்டினார்கள். சில்க்பேக்கில் பழுதாகியிருப்பது இ.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபணு. அதே மரபணு மனிதரிடமும் உண்டு. 1996இல் அது மனிதரில் அடையாளம் காணப்பட்டது ஒரு நோயின் காரணமாகத்தான். அந்நோய் உள்ளவர்களுக்குப் பற்கள் மிகச் சில, மயிர் அடர்த்தியற்றது, வியர்வைச் சுரப்பிகள் போதாமையால் வெயில் காலத்தில் உடல் தகிக்கும்.

சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இப்படி இருந்ததை டார்வினே குறித்திருக்கிறார். பயிர்களும் வளர்ப்பு விலங்குகளும் மாறுபடுவது பற்றிய அவருடைய பெருநூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அது வருகிறது. பெண்களுக்கு அந்நோய் வருவதில்லை, ஆனால் அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். அந்தக் குடும்பத்தை யாராவது 'பட்டுக் குடும்பம்' என்று அழைத்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

சில்க்பேக் என்ற சொல் செய்வது அதைத்தான். செதில் என்பது ஓணானுக்கு ஆபரணம் அன்று. நீர் வற்றாமல் காப்பதும், மணலும் முள்ளும் கிழிக்காமல் காப்பதும் அதுவே. செதிலற்றதன் தோல் இரைப்பூச்சியின் காலாலும் தன் கூட்டாளியின் நகத்தாலும் கிழிகிறது. தோலுரிப்பு ஒழுங்காக நடக்காமல் பழைய தோல் விரல்களில் வளையமாக இறுகி, இரத்தம் ஓடாமல் விரலும் வால் நுனியும் கருகி உதிர்கின்றன. நாள்தோறும் எண்ணெயோ களிம்போ பூசி ஈரம் காக்க வேண்டும். இனச்சேர்க்கையின்போது ஆண் பெண்ணின் கழுத்தைக் கவ்வும் இயல்புடையது. செதிலற்ற பெண்ணுக்கு அது காயம். இவை அத்தனையும் வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் நன்கு அறிந்தவை. அறிந்தே விற்கிறார்கள், ஏனென்றால் தொட்டுப் பார்க்கும்போது மிருதுவாக இருக்கிறது.

நிறத்துக்காகவே செய்யப்பட்ட இன்னொரு கொடுமையும் உண்டு. சிறுத்தைப் பல்லி என்று சொல்லத்தக்க லெபர்டு கெக்கோவில் லெமன் ஃப்ராஸ்ட் என்ற வெளிர்மஞ்சள் வகை பெரும்பரபரப்போடு சந்தைக்கு வந்தது. ஒளியைச் சிதறடிக்கும் அந்த நிறச்செல்கள் மிகுதியாகப் பெருகியதே அந்த அழகின் இரகசியம். பெருகியவை நிற்கவில்லை, கட்டிகளாயின. அவ்வகைப் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் தோலில் புற்றுக்கட்டி வந்ததைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள். மரபணுவையும் அடையாளம் காட்டினார்கள். அழகும் நோயும் அங்கே ஒரே பொருளின் இரண்டு பெயர்கள்.

'வெள்ளைக்காரன் செய்த பைத்தியக்காரத்தனம், நமக்கென்ன' என்று கூறித் தப்பித்துவிட முடியாது. நம் இராஜபாளையம் நாயைப் பாருங்கள். 2005 ஜனவரியில் அஞ்சல்துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு: இதுவே அந்த நாய்க்கு இலக்கணம் என்று ஆக்கினோம். விளைவு, குட்டிகளில் பல பிறவிச் செவிடு. காரணம் எளிது. மெலனின் செல்கள் கருவில் முதுகுப்பக்கமிருந்து புறப்பட்டு உடல் முழுவதும் பரவுகின்றன. தோலுக்கு நிறம் தருவதோடு, உட்செவியில் ஓசையை உணரும் அமைப்பு உயிரோடிருக்கவும் அவை வேண்டும். வெள்ளையையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தால் சில குட்டிகளில் அச்செல்கள் செவிவரை சென்று சேர்வதில்லை. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாயைக் காது கேளாததாக்கினோம், வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

வண்டலூரில் வெள்ளைப் புலியின் முன் குழந்தையைத் தோளில் தூக்கி நின்றவர்கள் எங்களில் பலர். நாங்களும் குற்றவாளிகளே. ரேவாவின் மன்னர் 1951இல் பிடித்து வளர்த்த மோகன் என்ற வெள்ளைப் புலியை அதன் மகள் ராதாவோடு சேர்த்து 1958இல் பெறப்பட்ட குட்டிகளே வளர்ப்பு வெள்ளைப் புலிகளின் பெருவழி. மகளோடு தந்தை! பிறகும் அதே நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கினார்கள். மாறுகண் முதலிய குறைகள் அந்த வழியில் மலிந்தன. சொந்தத்தில் பெண் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர் அறிவுறுத்தும்போது தலையாட்டுகிற நாம், இங்கே மட்டும் 'லைன் ப்ரீடிங்' என்ற சொல்லைக் கேட்டு மரியாதையோடு விலகிக்கொள்கிறோம். புலியை வெளுக்க வைக்கும் மரபணு எது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். ஐரோப்பியர் தோல் வெளுத்திருப்பதற்குக் காரணமான மரபணுக்களிலும் அது ஒன்று. அப்படிப்பட்ட இன்னொன்று 2005இல் ஒரு வரிக்குதிரை மீனில் கண்டுபிடிக்கப்பட்டது. அம்மீனின் வெளிறிய வகைக்கு வைத்திருந்த பெயர் 'கோல்டன்'. பொன் என்று!

மீனில் பொன், ஓணானில் பட்டு, பெண்ணில் சிவப்பு. 'நல்ல சிவப்பு' என்று மணமகள் தேவை விளம்பரத்தில் எழுதும் கை எந்த மரபணுவை விலைக்குக் கேட்கிறதோ அதே வகை மரபணுவைத்தான் கண்ணாடிப் பெட்டியின் முன்னும் விலைக்குக் கேட்கிறது. 1975இல் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று 2020இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்பதைக் கழற்றி எறிந்தது. சொல் போயிற்று, பூச்சு இருக்கிறது. நிறத்தின் மீதான நம் பசி, மனிதரிடம் வெட்கப்பட்டு வெளியே சொல்ல முடியாததை, விலங்கிடம் வெட்கமின்றிச் சொல்லிக்கொள்கிறது என்பது எங்கள் துணிபு. மிகை என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

மறுப்புகள் சிலவற்றையும் கேட்டோம். வீட்டில் பெருக்கினால் காட்டிலிருந்து பிடிப்பது குறையும் என்பது ஒன்று. நியாயமான வாதம், ஆனால் எங்கே பொருந்தும் என்று பார்க்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே கோமாளி மீன்களைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்த ஆய்வு நடந்திருக்கிறது. பவளப்பாறையிலிருந்து அள்ளும் மீனுக்கு மாற்றாகத் தொட்டி மீன் என்பது பெருமைக்குரிய செயல். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியா தன் ஓணான்களை வணிகத்துக்காக உயிரோடு வெளியே விடுவதில்லை. ஆக உலகெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை எப்போதோ கடத்திச் சென்ற சிலவற்றின் வழிவந்தவை. இதில் காப்பாற்றப்படும் காடு எது? செதிலற்ற ஓணானை எந்தக் காட்டில் திருப்பி விடப்போகிறீர்கள்?

இன்னொன்று, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது. 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் வந்தன. 2022இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2024இல் சைட்ஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல் உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் அறிவிக்கப்பட்டன. இருந்தும் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்களில் பெட்டிக்குள் துணிச்சுருளில் ஊர்வன பிடிபடும் செய்தி ஓயவில்லை. மேற்படி விதிகள் யார் வைத்திருக்கிறார், எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றன. எந்த இரண்டைச் சேர்த்தாய் என்று கேட்பதில்லை. எங்கள் கேள்வி அதுதான்.

மூன்றாவது மறுப்பு தம்பியுடையது. அதற்குத்தான் எங்களிடம் பதில் குறைவாக இருந்தது. "நான் வாங்கும்போது யாரும் சொல்லவில்லையே மாமா. பணத்தைப் போட்டுவிட்டேன். இப்போது வந்து தப்பு என்கிறீர்கள்." உண்மை. விற்றவர் நான்கில் ஒரு பங்கைச் சொன்னார். உதிரும் விரலைச் சொல்லவில்லை. எனவே எங்கள் கோரிக்கை விற்பவர்களிடம்தான் முதலில். தாய் தந்தை இரண்டின் வகையையும் எழுத்தில் கொடுங்கள். லெதர்பேக்கை விற்றால், இன்னொரு லெதர்பேக்கோடு சேர்க்கலாகாது என்பதையும், சேர்த்தால் பிறப்பது என்ன படும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். சில்க்பேக்கை விற்பதை நிறுத்துங்கள். விலைப்பட்டியலில் பட்டு என்று எழுதும் இடத்தில் செதிலற்றது என்று எழுதிப் பாருங்கள். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்க்கலாம்.

தம்பிக்கு நாங்கள் சொன்ன வழி வேறு. லெதர்பேக்கை இயல்பான செதிலுள்ள துணையோடு சேர்த்தால் ஒரு குஞ்சும் செதிலற்றதாகப் பிறக்காது. பாதி லெதர்பேக், பாதி சாதாரணம். வருமானம் குறையும். அந்தக் குறைவை எங்களில் மூவர் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். கைமாற்றுக் கொடுத்த மாமன் வட்டியைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் மூன்றாம் நாள் இன்னொரு பெட்டி வாங்கிவந்து இரண்டையும் பிரித்து வைத்தான்.

பிரித்தது தாமதம். பெண் ஓணான் சென்ற வாரத்திலிருந்து பெட்டியின் மூலையில் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை சேர்ந்தால் போதும், அடுத்தடுத்துச் சில ஈடுகள் முட்டையிடும் இனம் அது. ஓர் ஈட்டில் இருபதுக்குக் குறையாமலும் இருக்கலாம். இட்ட அன்றே முட்டைகளை எடுத்துக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடும்படி சொல்லியிருக்கிறோம். அங்கே மீன் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்று அக்காள் கேட்கிறார்.